‘ரத்த ரோந்து’ இரண்டாம் பாகத்தின் ஐந்து பிணங்கள்

போன வாரம் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர், இயர்போன் என்றொரு பொருள் உலகத்தில் இருப்பதை இன்னும் கேள்விப்படாதவர், கைபேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். திரை எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் பெட்டி முழுக்கக் கேட்டது. கனமான பூட்ஸ் காலடி, தகரக் கதவு இழுபடும் ஓசை, அதன்பின் ஒரு பெண்ணின் அலறல். அலறல் உச்சத்துக்குப் போய், அங்கே நிற்க முடியாமல், ஒரு சின்ன இருமலில் முடிந்தது.

எனக்குக் காது சுட்டது. அந்த இருமல் என்னுடையது. அலறலும்தான்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பார்த்திருந்தாலும் நம் நட்பு கெடாது. உங்கள் ரசனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். படத்தின் பெயர் ‘ரத்த ரோந்து - 2’. நாயகன் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். செத்துப்போனவர். செத்த பிறகும் டியூட்டிக்கு வருபவர்.

முதல் பாகத்தில் அவர் உயிரோடும் நேர்மையோடும் இருந்தார். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதால் நான்கு கெட்டவர்கள் அவரைக் கொன்று, நுரை பொங்கும் ஓர் ஏரியில் வீசினார்கள். நுரைக்குள்ளிருந்து எழுந்து வந்தவர், நான்கு பேரையும் லத்தியால் குத்திக் கொன்றார். லத்தி முனையில் கத்தி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு நுரைக்குள் திரும்பிப் போனார். கதை முடிந்தது. பழிவாங்க ஆள் மிச்சமில்லை. இரண்டாம் பாகம் வேண்டும் என்று உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காக்கிச் சட்டையும் அழுகிப்போன முகம் மாதிரியான ரப்பர் முகமூடியும் டைரக்டர் வீட்டு பீரோவில் இருந்தன. பொருள் சும்மா கிடப்பதைப் பொறுக்காத ஊர் நம்முடையது. முகமூடி இருந்தது, ஆகவே படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் நான் உதவி இயக்குநர். பி.ஏ. முடித்த வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா டெம்போ ஓட்டுகிறார். கடைகளைப் போர்டின் நிறத்தை வைத்து அடையாளம் சொல்வார். அம்மா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொல்லும்போது சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். நான் தாழ்த்தியதில்லை. அந்த வயதில் தேவைக்கு மேலேயே உயர்த்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸ் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் தெருவில், ஒரு மெழுகுவத்திக் கடையின் மாடியில் இருந்தது. ஒரே அறை. அங்கேதான் கதை விவாதம், எடிட்டிங், டப்பிங், மதியச் சாப்பாடு எல்லாம். டப்பிங் நாளன்று பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவிட்டால் அது ஸ்டூடியோ. அலற வேண்டிய பெண் வரவில்லை என்று டைரக்டர் என்னைப் பார்த்தார். ஐந்து பெண்கள், ஐந்து விதமான சாவு, ஒரே தொண்டை. மூன்றாவது அலறலுக்குக் கீழ்க்கடை அம்மா, கையில் ஆளுயர மெழுகுவத்தியைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு மாடியேறி ஓடி வந்துவிட்டார். ஐந்தாவதில் எனக்கு இருமல் வந்தது. “பரவால்லம்மா, சாகும்போது இருமல் வரும்” என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். இன்றுவரை மெழுகு உருகும் வாசம் பட்டால் எனக்குத் தொண்டை கரகரக்கிறது.

டைரக்டர் அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்தவர். அந்தப் பழக்கம் போகவில்லை. பேய் வந்தாலும் கேமராவைக் காலிலிருந்து மெதுவாக மேலே ஏற்றுவார், மணப்பெண்ணின் நகைகளைக் காட்டுவதுபோல. தன்னைப் பெரிய கலைஞர் என்று நம்பினார். அதில் தப்பில்லை, என்னையும் நம்பவைத்ததுதான் தப்பு.

என் வேலைக்குப் பெயர் கன்டினியூட்டி. முந்தின ஷாட்டில் ரத்தம் இடது கன்னத்தில் இருந்தால், அடுத்த ஷாட்டிலும் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் நாளே வாடகைக் கடையிலிருந்து வந்த துணி மூட்டையில் தொப்பியைப் பார்த்துத் திகைத்தேன். ஒரு பக்க விளிம்பு மேலே மடிந்திருக்கும் தொப்பி. நம்ம ஊர் கான்ஸ்டபிள்கள் ரொம்ப காலம் போட்டிருந்தது.

“சார், இவர் இன்ஸ்பெக்டர். இது கான்ஸ்டபிள் தொப்பி.”

“செத்தவனுக்கு என்னம்மா ரேங்க்?”

“முதல் பாகத்துல பீக் கேப் போட்டிருந்தார் சார்.”

“ஏரியில போயிருக்கும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொண்டேன். செத்த பிறகு பதவி இறக்கம் செய்யப்பட்ட ஒரே அதிகாரி என்று என் நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன். அந்த நோட்டில் அப்படி நிறைய எழுதினேன். என் கேலியெல்லாம் நோட்டுக்குள்தான். வெளியே “சரி சார்”.

ஆனால் ஒரு விஷயத்தில் வாயை மூட முடியவில்லை. “சார், இந்தப் பாகத்துல அவர் யாரைக் கொல்றார்?” என்று கேட்டேன்.

“எல்லாரையும்.”

“எதுக்கு சார்?”

“கோபம்மா. கோபத்துக்குக் காரணம் கேப்பியா?”

கேட்பேன். படித்தவள் அல்லவா? இரண்டு நாள் யோசித்து ஒரு காரணத்தை நானே கண்டுபிடித்தேன். கெட்டவர்கள் துரத்தியபோது இன்ஸ்பெக்டரின் சட்டைப் பை பட்டன் தெறித்து, பையிலிருந்த விசில் கீழே விழுந்துவிட்டது. விசில் ஊத முடியாததால்தான் உதவி வரவில்லை, செத்தார். எனவே பட்டனைச் சரியாகத் தைக்காத தொழிற்சாலையைத் தேடி வந்து, அங்கே வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். இதை இரண்டு பக்கம் டைப் செய்து கொடுத்தேன். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “டிகிரி மூளைன்னா இதாம்மா” என்றார். பொம்மசந்திராவில் மூடிக் கிடந்த ஒரு கார்மென்ட்ஸ் ஷெட் அவருக்குச் சனிக்கிழமை ஒருநாள் ஓசியில் கிடைப்பதாக இருந்தது என்பதும், அந்தக் கண்ணீருக்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிஷினில் உட்கார்ந்தால் உண்மையாகவே தைப்பதுபோல இருக்கும் பெண்கள் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டவள், பாதியில் நிறுத்தினாள்.

“எந்தப் பட்டன்னு சொன்ன?”

“சட்டைப் பை பட்டன்மா.”

“அது பட்டன் மிஷின்காரி வேலை. அவ கடைசி லைன்ல கீறா. நான் காலர். காலர் தச்சவள எதுக்குடி கொல்றான்?”

“படத்துக்காகம்மா.”

“படிச்சவ எழுதுன கதை மாரியா இருக்கு? அவன் காலர் கிழிஞ்சிருந்துச்சான்னு கேட்டுட்டு வா, அப்புறம் வந்து சாவறேன்.”

ஒரு சட்டையை முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு துண்டாகத் தைக்கிறார்கள், ஒருத்தி செய்வது அடுத்தவளுக்குத் தெரியாது என்பதைச் சின்ன வயதிலிருந்து தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் என் கதையில் அது வரவில்லை. டைப் செய்து முடித்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று தோன்றியது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது ரோஸ்மேரி அக்காதான். அம்மாவுக்கு அடுத்த மிஷினில் கை கஃப் தைப்பவள். விவேக் நகரில் எங்கள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் பொம்மனஹள்ளி வருவாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டிகிரி என்றுதான்.

“ஏ டிகிரி, அந்தப் பேய் ஆளு எப்டி? பாக்க நல்லாருப்பானா?”

“ரியல் எஸ்டேட் புரோக்கர்கா.”

“அப்போ உசுரோட இருக்கசொல்லவே பேய்தான். வரேன்.”

அவள் வந்தால் இன்னும் மூன்று பேர் வருவார்கள். ஆக மொத்தம் ஐந்து பேர், எல்லாரும் ஒரே லைன். சிக்கல் என்னவென்றால் சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். ஒரே லைனில் ஐந்து பேருக்கு லீவு கேட்டால் கிடைக்காது. ஆளாளுக்குக் காலையில் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: “மூஞ்சி தெரியக் கூடாது. தெரிஞ்சா அஞ்சு பேருக்கும் வேலை போயிடும். புரியுதா? சினிமா உனக்கு. சோறு எங்களுக்கு.”

“முடிய முன்னால போட்டுடுவேன்மா. அதுமேல ரத்தம். யாருக்கும் அடையாளம் தெரியாது.”

“உன் டிகிரி மேல சத்தியம் பண்ணு,” என்றாள் ரோஸ்மேரி அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே பண்ணினேன்.

ஷெட்டின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் தார்ப்பாயால் மூடிப் பகலை இரவாக்கினோம். உள்ளே இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல வெக்கை. ரத்தம் தயாரிப்பதும் என் பொறுப்பு. ரோஜா சிரப், சோளமாவு, கொஞ்சம் காபித்தூள். முதல் சாவு முடியும் முன்பே எறும்புகளுக்குத் தகவல் போய்விட்டது. பயங்கரப் படங்களில் பிணம் அசையாமல் கிடப்பதைப் பார்த்து நான் இப்போது ஏமாறுவதில்லை. அது நடிப்பல்ல, கடியைப் பொறுத்துக்கொள்வது. செத்த இன்ஸ்பெக்டருக்கோ முகமூடி ஓட்டையில் எதுவும் தெரியவில்லை. அம்மாவைக் குத்த வேண்டியவர், இரண்டு தடவை பக்கத்து மிஷினைக் குத்தினார். “காலர்காரி இங்க இருக்கேன்யா” என்று அம்மா செத்துக்கொண்டே வழி சொன்னாள்.

முகங்களை நான் ஒழுங்காக மறைத்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் போய் முடியை இழுத்து விட்டு, அதன்மேல் ரத்தம் ஊற்றினேன். அந்த வகையில் சத்தியம் காப்பாற்றப்பட்டது.

ஐந்தாவதாகச் செத்தவள் ரோஸ்மேரி அக்கா. சிமென்ட் தரையில் குப்புறக் கிடந்தாள். கேமரா மெதுவாகக் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. டைரக்டர் கத்தினார்: “கட்! ஏய், அந்தப் பொணம் நடுங்குது!”

நான் ஓடிப்போய்க் குனிந்தேன். “அக்கா, நடுங்காதீங்க. நீங்க செத்துட்டீங்க.”

“தெரிது டிகிரி. குளிருது.”

“இந்த வெக்கையிலயா? விளையாடாதீங்கக்கா.”

ஏற்கெனவே செத்து ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அவள் நெற்றியில் கை வைத்தாள். “அனலாக் கொதிக்குதுடி இவளுக்கு.”

விஷயம் இதுதான். காலையில் சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்று போன் செய்தபோதே அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல். “சொன்னா நீங்க நாலு பேரும் வர மாட்டீங்க,” என்றாள். “படுத்துக் கெடக்குறதுதானே வேலை? வீட்ல கெடக்குறத இங்க கெடக்குறேன்.” மாத்திரை கொடுத்து இன்னும் இரண்டு டேக் எடுத்தோம். இரண்டிலும் பிணம் நடுங்கியது. நேரம் இல்லை. ‘5ஆம் பிணம், நிஜக் காய்ச்சல், நடுக்கம் தெரிகிறது’ என்று நோட்டில் எழுதிவிட்டு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை, சினிமாவோடு சம்பந்தமில்லாத உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. யார் பிணமாக நடித்தாலும், அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா அதையும் படம்பிடிக்க வேண்டும். சாவை அப்படியே விட்டுவிட்டு லைட்டை அணைக்கக் கூடாது. எங்கள் டைரக்டரோ ரேங்க், தொப்பி, கதை, நேரம் என்று எல்லாவற்றிலும் அட்ஜஸ்ட் செய்துகொள்பவர். இந்த ஒன்றில் மட்டும் அட்ஜஸ்ட் கிடையாது. “எல்லாரும் எந்திரிங்க. சிரிங்க. ரோல்!”

நான் இதையும் மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டுதான் கிளாப் பலகையைப் பிடித்தேன். ஐந்து பேரும் எழுந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். முதலில் வெட்கம், பிறகு ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அடக்க முடியாத சிரிப்பு. ரோஸ்மேரி அக்கா போலீஸ் பேயின் தலையிலிருந்து அந்தத் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, காய்ச்சலில் மினுங்கும் கண்களோடு, அதற்கு ஒரு சல்யூட் அடித்தாள். அம்மா சிரித்துச் சிரித்து மிஷின்மேல் சாய்ந்துவிட்டாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒன்றரை மணி நேரப் படத்தில் பார்க்கத் தகுந்தது அந்த அரை நிமிடம்தான். எடிட்டிங்கில் அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதைப் போட வேண்டும், ஐந்து பேர் பெயரும் ஒவ்வொருவர் முகத்துக்குக் கீழே வர வேண்டும் என்று டைரக்டரிடம் சண்டை போட்டேன். “அவங்க பேர் இல்லன்னா என் பேரும் வேணாம் சார்” என்றேன். அது வெறும் வாய்வீச்சு. என் பெயர் எனக்கு ரொம்ப வேண்டும். ‘இணை வசனம்’ என்று போட்டு, என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ என்றும் போடவைத்தவள் நான். ரத்தப் படத்தின் டைட்டிலில் பட்டம் போட்டுக்கொண்ட ஆள் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

சத்தியம் மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அதைவிடக் கேவலமான காரணம். இந்தக் குப்பையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதிலும் கடைசிவரை யார் பார்ப்பார்கள்? படத்தின்மேல் எனக்கிருந்த இளக்காரத்தை நம்பி ஐந்து பேரின் முகத்தை அதில் ஒப்படைத்தேன்.

தியேட்டரில் ஒரே ஒரு காலைக் காட்சி ஓடியது. பிறகு இணையத்தில் பேய்ப் படங்கள் மட்டும் போடும் ஒரு சேனலில் ஏற்றினார்கள். அங்கே அதைப் பார்த்தார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவின் சூப்பர்வைசர்.

அவர் கெட்டவர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னடக்காரர், பேய்ப் படம் எந்த மொழியில் இருந்தாலும் விடமாட்டார். ஒரே நாளில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்றதும் டெங்கு என்று பயந்து, அடுத்த திங்கட்கிழமை அந்த லைன் மிஷின்களையெல்லாம் டெட்டால் போட்டுத் துடைக்கவைத்தவர். ஐந்து பேருக்கும் வீட்டிலிருந்து கஷாயம் கொண்டுவந்து கொடுத்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் தண்ணீர் கேனில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுற்றிலும் கூட்டம். கொலைகளில் ஒருத்தர் முகமும் தெரியவில்லை. நடுங்கும் பிணத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம், வேறு வழியில்லாமல். அப்புறம் படம் முடிந்தது. கை கழுவ எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையாக ஐந்து முகங்கள், பளிச்சென்று.

சூப்பர்வைசர் கத்தவில்லை. “ஏனம்மா இது? ஜ்வர அந்த ஹேளித்ரல்லா?” என்று மட்டும் கேட்டாராம். காய்ச்சல் என்றுதானே சொன்னீர்கள் என்று. கஷாயம் கொடுத்த மனுஷன் கேட்கும்போது தலையைத் தூக்க முடியவில்லை என்றாள் அம்மா.

விஷயம் அவர் கையை மீறி மேலே ஆபீசுக்குப் போனது. காய்ச்சல் என்று சொன்னது பொய், மன்னிக்கவும் என்று ஆளுக்கொரு கடிதம், ஆங்கிலத்தில், கையெழுத்தோடு வேண்டும் என்றார்கள். கொடுப்பவர்கள் மிஷினில் உட்காரலாம். கொடுக்காதவர்கள் கேட்டுக்கு வெளியே.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கட்டு வெள்ளைத் தாளை என்முன் வைத்தாள். “பேரு போட்டவ நீதானே? நீயே எழுது.”

எழுதினேன். ஐந்து கடிதம். இங்கேயும் என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள்: ஐந்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் வாக்கியங்களை மாற்றி, வார்த்தைகளைத் தேடித் தேடி எழுதினேன். ஒருத்தி வருந்தினாள், ஒருத்தி வெட்கினாள், ஒருத்தி மனமார மன்னிப்புக் கேட்டாள். ஒரு பிழை கிடையாது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் விவேக் நகர் போனேன்.

ரோஸ்மேரி அக்கா தாளைக் கையில் வாங்கவில்லை. “படி,” என்றாள். படித்தேன். “தமிழ்ல சொல்லு.” சொன்னேன்.

“நான் பொய் சொல்லலியே,” என்றாள்.

“அக்கா, ஒரு வரிதான். சும்மா ஒரு கையெழுத்து.”

“எனக்கு நெஜமாவே காச்சல்டி. ஒங்கம்மா தொட்டுப் பாத்தா. நீ நோட்ல எழுதுன. பொணம் நடுங்குதுன்னு ஊரே சிரிக்குது. அஞ்சு பேர்ல நெஜத்தச் சொன்னவ நான் ஒருத்திதான். நான் ஏன் பொய்னு எழுதணும்?”

“ஆனா நடிக்கப் போனீங்கல்ல?”

“போனேன். அதுக்கு எழுது. காச்சலோட போயி நடிச்சா, தப்புதான்னு எழுது. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“அவங்க இந்த வரியத்தான் கேக்கறாங்கக்கா. எல்லாரும் போட்டாச்சு. வேலை போயிடும்க்கா. படிக்காதவங்க மாதிரி அடம்பிடிக்காதீங்க.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் குரலில் கோபமெல்லாம் இல்லை.

“பொய்ய இங்கிலீஷ்ல எழுதத்தான் படிச்சியா, டிகிரி?”

அன்று சாயங்காலமே அவள் சொன்னபடி இன்னொரு கடிதம் எழுதினேன். காய்ச்சல் உண்மை, வந்து நடித்தது தவறு. அலங்காரம் இல்லாமல் மூன்று வரி. நான் அதுவரை எழுதியதிலேயே ஒழுங்கான ஆங்கிலம் அதுதான். ரோஸ்மேரி அக்கா கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை அம்மா ஆபீசில் கொடுத்தாள். மற்ற நான்கு பேர் ஒன்று சொல்ல, இவர் மட்டும் வேறு சொன்னால் எதை நம்புவது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னுடைய நான்கு நல்ல கடிதங்களும் சேர்ந்து ஐந்தாவதைப் பொய்யாக்கிவிட்டன. நோட்டைக் காட்டலாமா என்று கேட்டேன். சினிமாக் கம்பெனி நோட்டை யார் நம்புவார்கள் என்றாள் அம்மா.

புதன்கிழமை அம்மாவுக்கு அடுத்த மிஷினில் ஒரு புதுப் பெண் கஃப் தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த மாதமே சினிமாவை விட்டேன். டைரக்டர் மூன்றாம் பாகத்துக்குக் கூப்பிட்டார், போகவில்லை. தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அந்த நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். ரோஸ்மேரி அக்கா கொஞ்ச நாள் கோயில் தெருவில் மாலை கட்டி விற்றாள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வர ஒரு வருடம் ஆயிற்று. போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தங்கவயலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நம்பர் உபயோகத்தில் இல்லை.

மெட்ரோவில் அந்த அலறலைக் கேட்டுவிட்டு வந்ததை அம்மாவிடம் சொன்னேன். “போடு, பாக்கலாம்,” என்றாள். இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. அந்தக் கார்மென்ட்ஸே ஊரை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. பொம்மசந்திரா ஷெட் இருந்த இடத்தில் கார் ஷோரூம். டைரக்டர், தன் பேயோடு கூட்டுச் சேர்ந்து மனை விற்கிறார். மெழுகுவத்திக் கடை மாடியில் பெண்கள் பி.ஜி. விடுதி.

சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். முகமூடியின் ரப்பர் மடிப்புத் தெரிந்தது. அம்மா, தான் சாகும் இடத்தில், “இன்னும்கூட சொல்றேன், நான் காலர்” என்றாள். நடுங்கும் பிணம் வந்தது. கீழே எத்தனையோ பேர் அதைக் கிண்டல் செய்து எழுதியிருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இப்போ சிரிப்போம், பாரு” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேய் சல்யூட் அடித்தது. அடுத்த நொடி சேனலுக்குச் சந்தா கேட்கும் மணி அடித்தது, வேறொரு படத்தின் விளம்பரம். பெயர்கள் ஓடும் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டிருந்தார்கள். இன்னொரு சேனலில் தேடினேன், பிறகு இன்னொன்றில். எல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவர் திருடியது. எல்லாவற்றிலும் வெட்டு அதே இடத்தில். டைரக்டருக்குப் போன் செய்தேன். எடிட்டிங் செய்த கம்ப்யூட்டரை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டேனே, ஏன்மா என்றார்.

அம்மா கைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள். பெருவிரலால் தள்ளித் தள்ளிப் படத்தைப் பின்னால் கொண்டுபோனாள். சிமென்ட் தரை, ரோஜா சிரப், முடியால் மூடிய முகம், விடாத நடுக்கம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ரோஸ்மேரி எழுந்திருக்கவே இல்லியா?” என்று கேட்டாள்.